கணக்குப்பிள்ளை எழுதிய சாகசக் கதை: ராமோன் முண்டானேரின் ‘குரோனிக்கா’

மத்தியதரைக்கடல் கூலிப்படைகளை வைத்து வருகிற சாகச நாவல்களில் அடிக்கடி தலைகாட்டுவது கட்டலான் கம்பெனி. 1303-இல் பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் ஆண்ட்ரோனிக்கோஸ் துருக்கியரை விரட்டுவதற்காகக் கூலிக்கு அழைத்துவந்த படை அது. சம்பளத் தகராறு முற்றி, தலைவனின் கொலையில் போய் முடிந்து, 1311-இல் ஏதென்ஸ் நாட்டையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. இந்தக் கதையை எழுதுபவர்கள் எல்லோரும் கைவைக்கிற மூலநூல் ராமோன் முண்டானேரின் ‘குரோனிக்கா’. நாவல்களைப் படித்துவிட்டு “இதில் எது நிஜம்?” என்று கேட்பவர்கள் நேரே இதற்கே போய்விடலாம். ஆனால் எந்தப் பக்கத்தை எவ்வளவு நம்புவது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

முண்டானேர் 1265-இல் கட்டலோனியாவின் பெரலாடாவில் பிறந்தவர். கடலிலும் கரையிலுமாக 32 சண்டைகளில் இருந்ததாகச் சொல்கிறார். 1325 மே மாதம், அறுபது வயதில், வலென்சியாவுக்குப் பக்கத்திலுள்ள தன் பண்ணையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். மொத்தம் 298 அத்தியாயங்கள். அரகோன் அரசர்களின் வரலாறாகத் தொடங்கி 1328-இல் நான்காம் அல்ஃபோன்சோவின் முடிசூட்டோடு முடிகிறது. கூலிப்படைக் கதை மட்டும் போதும் என்பவர்களுக்கு 194 முதல் 244 வரை.

இவரை மற்ற வரலாற்றாசிரியர்களிடமிருந்து பிரித்துக் காட்டுவது இவர் படையில் வகித்த வேலை. தார்தனெல்ஸ் நீரிணைக் கரையிலுள்ள கலிப்போலியில் கம்பெனி தங்கியிருந்தபோது கோட்டைப் பொறுப்பும் வரவுசெலவும் முத்திரையும் இவர் கையில். எத்தனை பேர் கவசக் குதிரைக்குப் பங்கு வாங்குகிறார்கள், எத்தனை பேர் இலகு குதிரைக்கு, எத்தனை பேர் காலாட்கள் என்பதெல்லாம் இவருடைய பேரேட்டில்தான். படையில் நாங்கள் எத்தனை பேர் என்பது என் ஒருவனைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்று அவரே எழுதுகிறார். கொள்ளையில் ஐந்தில் ஒரு பங்கும் இவர் வழியாகத்தான் போயிற்று. ஆகவே இந்த நூலைப் படையின் கணக்குப்பிள்ளை எழுதியதாக எடுத்துக்கொண்டு படித்தால் நிறைய விஷயங்கள் சரியான இடத்தில் வந்து உட்காரும். வீரர் எழுதியதாகப் படித்தால் ஏமாந்துபோவீர்கள்.

சம்பளத்திலிருந்து தொடங்கலாம். நாவல்களில் “ஒரு பை நிறையத் தங்கம்” என்று முடித்துவிடுவார்கள். இங்கே விகிதமே இருக்கிறது: கவசக் குதிரை வீரனுக்கு மாதம் 4 அவுன்ஸ், இலகு குதிரை வீரனுக்கு 2, காலாளுக்கு 1. நான்கு மாதச் சம்பளம் முன்பணம்; அது கைக்கு வந்தது வழியில் மொனெம்வாசியா துறைமுகத்தில். அவுன்ஸ் என்றால் சிசிலியக் கணக்கு. 30 தாரி ஒரு அவுன்ஸ். அன்றைய ஃபிளாரன்ஸ் தங்க நாணயத்தில் சுமார் ஐந்து. கூட்டிப் பாருங்கள். முண்டானேர் கொடுக்கும் 1,500 குதிரை வீரர்களும் முழுக்கவசக்காரர்கள் என்று வைத்தால் மாதம் 6,000 அவுன்ஸ். 4,000 அல்மொகவார்களும் (எல்லைச் சண்டைகளில் பழகிய இலகு காலாட்கள்) மேலும் 1,000 காலாட்களும் சேர்ந்தால் இன்னொரு 5,000. கப்பல்காரர்களைச் சேர்க்காமலே 11,000 அவுன்ஸ், அதாவது சுமார் 55,000 ஃபிளாரன்ஸ் நாணயம், மாதாமாதம். செலவைக் குறைப்பதற்காக 1285-இல் தன் கடற்படையையே கலைத்துவிட்ட அரசர் ஆண்ட்ரோனிக்கோஸ். இந்த ஒப்பந்தம் வெடிக்கப்போகிறது என்பது முதல் மாதமே எழுதி வைத்தது போலத்தான்.

வெடித்த விதத்தையும் முண்டானேர் கணக்காகவே சொல்கிறார். பேரரசர் வெனிஸ் வெள்ளி நாணயத்தின் மாதிரியில் புது நாணயம் அடித்தார். வெனிஸ் நாணயம் பார்சிலோனா கணக்கில் 8 தினார் பெறும். இதில் கலப்படம் செய்து அடித்த நாணயம் 3 தினார்கூடப் பெறாது. ஆனால் எட்டுக்கு எட்டாக வாங்கியே தீர வேண்டும் என்று உத்தரவு. படைவீரன் அதைக் கிரேக்கக் குடியானவனிடம் நீட்டுகிறான், அவன் வாங்க மறுக்கிறான், கத்தி வெளியே வருகிறது. சம்பளத் தகராறு ஊர்த் தகராறாக மாறும் கட்டம் இதுதான். சாகச நாவலாசிரியர்கள் பெரும்பாலும் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்து, அரண்மனைச் சதிக்கு ஓடிவிடுகிறார்கள். ஒரு குறிப்பு: பழைய மொழிபெயர்ப்பில் இது ‘டக்கட்’ என்று வரும். அதைத் தங்க டக்கட் என்று எடுத்துக்கொண்டால் கணக்கு முழுவதும் தலைகீழாகிவிடும். அங்கே பேச்சு வெள்ளியைப் பற்றி.

நூலில் மிகச் சிறந்த பகுதி, சண்டையே இல்லாத ஒரு பகுதி. 1303-04 குளிர்காலத்தில் படை மர்மாராக் கடலின் தென்கரையில் அர்தாக்கியில் தங்குகிறது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்கள். பலர் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்தவர்கள். எங்கே படுப்பது, என்ன தின்பது? உள்ளூர்ப் பெரியவர்கள் ஆறு பேர், படையின் தரப்பில் ஆறு பேர் என்று குழு போட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு ஒதுக்குகிறார்கள். வீட்டுக்காரர் ரொட்டி, மது, ஓட்ஸ், பாலாடைக்கட்டி, உப்பிட்ட பன்றி இறைச்சி, கீரை கொடுக்க வேண்டும். விலையைக் குழு நிர்ணயிக்கும். வாங்கியதெல்லாம் வீட்டுக்காரரிடம் பற்றில் ஏறும். நவம்பர் முதல் தேதியிலிருந்து மார்ச் கடைசி வரை. பிறகு சம்பளத்தில் பிடித்துக்கொள்வது. ஏற்பாடு என்னவோ அழகுதான். மார்ச்சில் கணக்கு முடிக்கும்போது பார்த்தால், நான்கைந்து மாதத்தில் ஒருவன் எட்டு மாதச் சம்பளத்தையும் இன்னொருவன் ஒரு வருடச் சம்பளத்தையும் தின்று தீர்த்திருக்கிறான். தலைவன் ரோஜர் தெ ஃப்ளோர் எல்லாச் சீட்டுகளையும் வாங்கி, எல்லோர் கண்முன்னாலும் தீயில் போட்டுவிடுகிறான். கடன் தள்ளுபடி. படை ஆரவாரிக்கிறது. முண்டானேர் இதைத் தலைவனின் தாராளமாகப் பாராட்டுகிறார். வீட்டுக்காரர்களின் நிலுவையைப் பேரரசரின் கஜானா தலையில் கட்டிய வேலை இது என்பதும் வரிகளுக்கு இடையே தெரிகிறது. ஒரு கூலிப்படைத் தலைவன் ஆட்களின் விசுவாசத்தை எப்படி வாங்கினான் என்பதற்கு இதைவிடத் துல்லியமான காட்சியை எந்த நாவலிலும் தேட வேண்டாம்.

ரோஜரைப் பற்றி: நாவல்களில் அவன் தவறாமல் ‘டெம்ப்ளர் வீரத்தளபதி’ (டெம்ப்ளர் என்பது சிலுவைப்போர்க் காலத் துறவி வீரர்களின் அமைப்பு). முண்டானேர் சொல்வது அதுவல்ல. தந்தை பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக்கின் வல்லூறு வளர்ப்பாளர், ஜெர்மானியர். 1268-இல் தாக்லியாகோட்சோ போரில் இறந்தார். பையன் எட்டு வயதில் பிரிந்திசியில் ஒரு டெம்ப்ளர் கப்பலில் ஏறி, கடலிலேயே வளர்ந்து, அந்த அமைப்பில் சார்ஜென்ட் நிலைச் சகோதரன் ஆகிறான். நைட் இல்லை, அதற்கு ஒரு படி கீழே. பிறகு ‘வல்லூறு’ என்ற பெரிய கப்பலின் பொறுப்பு, 1291-இல் சிலுவைப்போர்க்காரர்களின் ஆக்ரே நகரம் விழுந்தபோது மக்களையும் செல்வத்தையும் ஏற்றிவந்தது, பணத்தை அமுக்கிவிட்டான் என்ற குற்றச்சாட்டு, ஓட்டம், சிசிலி. இந்த வரிசை ஒரு கப்பல்காரனின் வாழ்க்கை வரிசை. வெள்ளை அங்கியில் சிவப்புச் சிலுவை போட்டு அவனைக் குதிரையில் ஏற்றும் அட்டைப்படங்களைப் பார்த்தால் நூலாசிரியர் இந்த அத்தியாயத்தைப் படிக்கவில்லை என்று தைரியமாகச் சொல்லிவிடலாம்.

ஆயுத விஷயத்தில் முண்டானேர் இன்னும் கெட்டி. கட்டலான் குறுக்குவில்லாளி தன் வில்லைத் தானே முதலிலிருந்து கடைசிவரை செய்யத் தெரிந்தவனாக இருக்க வேண்டும், நாண் முறுக்க, அம்பு செய்யத் தெரிய வேண்டும், ஒரு பட்டறையே வைக்கப்போகிறவன் மாதிரி கருவிகளை ஒரு பெட்டியில் கொண்டுவருவான் என்கிறார். இதை வைத்துக் கப்பற்படை அமைப்பு பற்றி ஒரு தீவிரமான வாதம் செய்கிறார். ஒரு பலகையில் மூன்றாவது துடுப்புக்காரனாக உட்கார்பவனிடமே குறுக்குவில்லையும் கொடுத்தால் ஆள் மிச்சம், கப்பல் வேகம். ஆனால் துடுப்பு வலித்துக் களைத்த கையால் வில்லை இழுக்க முடியாது. ஆகவே 100 கப்பலில் 20-ஐ மட்டும் அப்படி வைத்துக்கொள், எதிரியைத் துரத்திப் பிடிக்க. மற்றவற்றில் துடுப்பே தொடாத, பெயர் பதிந்து கூலி வாங்கும் வில்லாளிகள் இருக்கட்டும் என்கிறார். 1323 சார்டீனியப் படையெடுப்புக்கு அவர் எழுதிய செய்யுள் வடிவ அறிவுரையிலும் கப்பற்படை பற்றிய யோசனைகளே முக்கியம். இந்த ஓரிரு பக்கங்களால் நாவல்களின் இன்னொரு தேய்ந்த காட்சியும் அடிபடுகிறது. சங்கிலியில் கட்டிய அடிமைகள் துடுப்பு வலிப்பது பிற்கால வழக்கம். 1300 வாக்கில் இந்தக் கப்பல்களில் இருந்தவர்கள் கூலிக்கு வந்த சுதந்திர ஆட்கள், தேவைப்பட்டால் ஈட்டியோடு எழுந்து நிற்பவர்கள்.

அல்மொகவார்கள் ஈட்டி முனையைக் கல்லில் அடித்துத் தீப்பொறி பறக்க “இரும்பே, விழித்தெழு” என்று கத்துவது நாவல்களுக்கு மிகப் பிடித்த காட்சி. அது மூலத்தில் இருக்கிறது: 1300-இல் சிசிலியின் காலியானோவில், விடியும் முன் இருட்டில். இருட்டாக இருந்ததால்தான் பொறி தெரிந்தது, எதிரிலிருந்த பிரெஞ்சுக்காரர்கள் மிரண்டார்கள். நண்பகல் வெயிலில் அதே காட்சியை வைக்கும் எழுத்தாளர்கள் சத்தத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம். உடுப்பைப் பொறுத்தவரை இவர்களுக்குத் தகட்டுக் கவசமே கிடையாது. சிறு சட்டை, தோல் காலுறை, செருப்பு, ரொட்டி வைக்கும் தோல்பை, ஒரு பெரிய கத்தி, எறியீட்டிகள், சிக்கிமுக்கி. இந்தப் பட்டியல் முண்டானேருக்கு முந்திய தெஸ்க்லோட்டின் வரலாற்றில் தெளிவாக இருக்கிறது. முண்டானேரின் வாசகர்களுக்கு அல்மொகவார் யார் என்று விளக்க வேண்டியிருக்கவில்லை.

இனி எங்கே இவரை நம்பக்கூடாது என்பது.

முதலாவது, எதிரியின் எண்ணிக்கை. ரோஜர் 1305 ஏப்ரலில் அட்ரியானோபிளில் விருந்தில், பைசாந்தியரிடம் கூலிக்கு இருந்த ஆலன் இன வீரர்களால் கொல்லப்பட்ட பிறகு, கலிப்போலியில் எஞ்சியவர்கள் தங்கள் கப்பல்களில் தாங்களே ஓட்டை போட்டு, திரும்பிப் போகும் வழியை அடைத்துவிட்டு வெளியே வந்து மோதுகிறார்கள். தங்கள் தரப்பைச் சொல்லும்போது: மொத்தம் 1,462 பேர், அதில் குதிரையில் 206, காலாட்கள் 1,256. கூட்டினால் சரியாக வருகிறது. எதிரித் தரப்பு: 14,000 குதிரை, 30,000 காலாட்கள். செத்தவர்கள்: எதிரியில் குதிரைவீரர் 6,000-க்கு மேல், காலாட்கள் 20,000-க்கு மேல், நம் பக்கம் குதிரைவீரன் ஒருவன், காலாட்கள் இரண்டு பேர். ஒரே பத்தியில் இரண்டு விதமான எண்கள். ஒன்றில் ஒற்றைப்படை வரை துல்லியம், மற்றதில் ஆயிரத்துக்குக் கீழே எதுவும் இல்லை. பேரேட்டில் இருந்தவர்களை அவர் எண்ணியிருக்கிறார். பேரேட்டில் இல்லாதவர்களைக் கடவுள் எத்தனை பேரைத் தங்களுக்குப் பலியாகக் கொடுத்தார் என்று சொல்வதற்காக எழுதியிருக்கிறார். நூல் முழுக்க இந்தச் சோதனையை வைத்துக்கொள்ளுங்கள். முழு ஆயிரங்களில் வரும் எண்ணை அப்படியே எடுக்காதீர்கள். படையின் ஆரம்ப அளவுகூட இந்த வகைதான்: கிரேக்க வரலாற்றாசிரியர் பாகிமேரிஸ் 8,000 என்கிறார், கிரிகோராஸ் சுமார் 2,000.

இரண்டாவது, காலம். ரோஜர் இறந்த பிறகு கலிப்போலிப் பகுதியில் ஏழு வருடம் இருந்தோம், அதில் ஐந்து வருடம் உழாமல், விதைக்காமல், திராட்சைக்கொடி கழிக்காமல், தானாக முளைத்ததைத் தின்றே வாழ்ந்தோம், சுற்றிலும் பத்து நாள் நடை தூரத்தை ஆளில்லாமல் ஆக்கிவிட்டோம் என்கிறார். நிஜக் கணக்கு: 1305 ஏப்ரலில் கொலை, 1307-இல் படை மேற்கே கிளம்பிவிட்டது. இரண்டு வருடச் சொச்சம், அவ்வளவுதான். கிளம்பிய காரணம் மட்டும் முற்றிலும் சரி: தின்ன எதுவும் மிஞ்சவில்லை. பேரேட்டையும் முத்திரையையும் படையிடம் ஒப்படைத்துவிட்டு வந்து, பதினெட்டு வருடம் கழித்து நினைவிலிருந்து எழுதியவரிடம் ஆண்டுக் கணக்கு இப்படி நீள்வது இயல்பு. முண்டானேரின் கால வரிசையை அப்படியே நம்பி, அதன்மேல் கதையைக் கட்டினால் அடுத்தடுத்து எல்லாமே பிசகும்.

மூன்றாவது, அரண்மனை. ரோஜருக்குக் கிடைத்த சீசர் என்ற உயர்ந்த அரசவைப் பட்டம் பற்றி விரிவாக எழுதுகிறார்: சீசரின் நாற்காலி பேரரசரின் நாற்காலியைவிட அரைச் சாண் மட்டுமே தாழ்வு என்பதெல்லாம் அருமை. உடனே, நானூறு வருடமாகப் பேரரசில் சீசரே இருந்ததில்லை என்கிறார். 1261-இல் கான்ஸ்டான்டினோபிளை மீட்ட அலெக்ஸியோஸ் ஸ்ட்ராடெகோபூலோஸ் சீசர்தான். தன் தலைவனுக்குக் கிடைத்த பட்டத்துக்குக் கூடுதல் பளபளப்பு ஏற்றும் வேலை இது.

நான்காவது, பழி யார் மீது என்பது. இவர் பார்வையில் எல்லாமே பேரரசரின் மகனும் இணைப் பேரரசருமான மிகயேலின் பொறாமை. பாகிமேரிஸைப் பக்கத்தில் வைத்தால், இந்தப் படைக்குக் கூலி கொடுப்பதற்காக ஒவ்வொரு ஏர் நிலத்துக்கும் 6 மோதியோஸ் (தானியம் அளக்கும் பைசாந்திய அளவு) கோதுமை, 4 மோதியோஸ் வாற்கோதுமை என்று புதுத் தானிய வரி போட்டதும், காக்க வந்தவர்களே ஊர்களைக் கசக்கிப் பிழிந்ததும் தெரியும். ரொடோஸ்டோவில் தங்கள் தூதர்களைக் கண்டதுண்டமாக வெட்டியதற்குப் பழியாக, அந்த ஊரில் ஆண், பெண், குழந்தை என்று பார்க்காமல் கொன்றதை முண்டானேர் மறைக்கவில்லை. ஆனால் அதில் அவருக்குத் துளி உறுத்தலும் இல்லை. அடிமை வியாபாரமும் வரவுக் கணக்கில் ஒரு தலைப்பு மட்டுமே.

இவ்வளவு சொல்லியும், 1306 ஜூலையில் ஜெனோவாக்காரர் அந்தோனியோ ஸ்பினோலா கலிப்போலியைத் தாக்கும் அத்தியாயத்துக்காகவே இந்த நூலை வாங்கலாம். பெரும்படை ஆலன்களைப் பழிவாங்கப் போய்விட்டது. கோட்டையில் காவலுக்கு இருப்பவர்களுக்கும் கொள்ளையில் பங்கு உண்டு என்று ஒப்பந்தம் போட்டும், ராத்திரியோடு ராத்திரியாக நழுவி ஓடிப் படையோடு சேர்ந்துவிடுகிறார்கள். மிஞ்சியவர்கள் நூற்றுச் சொச்சம் ஆண்களும், ஏராளமான பெண்களும். பெண்களுக்குக் கவசம் மாட்டி, மதில்மேல் பத்துப் பத்துப் பேராக நிறுத்தி, ஒவ்வொரு பத்துக்கும் ஒரு கட்டலான் வணிகரைத் தலைவராகப் போடுகிறார். குவியல் குவியலாகக் கல். வீட்டுக்குள் போய்ச் சாப்பிட நேரம் கிடைக்காது என்று தெரிந்து, தண்ணீர் கலந்த மதுவைத் தொட்டிகளிலும் ரொட்டியையும் மதில்மேலேயே வைக்கச் சொல்கிறார். முகத்தில் ஐந்து காயத்தோடு ஒருத்தி ஒன்றும் ஆகாதது போலச் சண்டை போட்டுக்கொண்டிருந்ததாக எழுதுகிறார். எதிரியின் அம்பு தீரும்வரை காத்திருந்து, ஜூலை வெயிலில் தன் ஆட்களைக் கவசத்தைக் கழற்றச் சொல்லி, வெறும் சட்டையோடு வாசலைத் திறந்து பாய்கிறார். வெயிலில் களைத்த கவசக்காரர்களை இலகுவாக வந்தவர்கள் வெட்டுகிறார்கள். ஸ்பினோலாவும் அங்கே விழுகிறார். அம்பு இருப்பு, வெயில், கவசத்தின் எடை: வெற்றிக்குக் காரணம் இந்த மூன்றும்தான். ஒரு கோட்டை முற்றுகையை எழுத நினைப்பவர்கள் இந்த அத்தியாயத்தைப் பென்சிலும் கையுமாகப் படிக்கலாம்.

1307-க்குப் பிறகு வேகம் குறையும். முண்டானேர் மயோர்க்கா இளவரசர் ஃபெர்ரானுடன் படையைவிட்டுப் போய்விடுகிறார். நெக்ரோபோன்டே என்ற கிரேக்கத் தீவில் வெனிசியரிடம் பொருளைப் பறிகொடுக்கிறார். ஆகவே 1311 மார்ச் 15 அன்று ஏதென்ஸ் டியூக் வால்டர் செத்த போரை அவர் கேள்விப்பட்டுத்தான் எழுதுகிறார். 700 நைட்களில் இருவர்தான் பிழைத்தார்கள் என்ற வரியை அதற்கேற்ற எச்சரிக்கையோடு வாசிக்கவும். சதுப்பு நிலத்தை முன்னால் வைத்துப் போரிட்டார்கள் என்கிற அளவுக்குச் சரி. இடம் கெஃபிசோஸ் ஆற்றங்கரையா, தெசாலியின் அல்மிரோஸா என்ற நீண்ட விவாதத்தில், சமகாலத்து வெனிசியர் மாரினோ சனூதோவின் கடிதத்தை வைத்து இன்று பலரும் அல்மிரோஸ் பக்கம் சாய்கிறார்கள். முழு நூலையும் வைத்திருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போய், 1315-இல் தாயை இழந்த கைக்குழந்தையான ஃபெர்ரானின் மகனைக் கடானியாவிலிருந்து பெர்பினியனில் பாட்டியிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் பகுதியையும் படித்துவிடுங்கள். குழந்தையைப் பெற்றுக்கொண்டதற்கும் ஒப்படைத்ததற்கும் எழுத்துப்பூர்வமான அத்தாட்சி வாங்குகிறார். ஆள் மாறவே இல்லை.

ஆங்கிலத்தில் இரண்டு வழி. லேடி குட்இனஃப் 1920-21-இல் ஹக்லூயிட் சங்கத்துக்காகச் செய்த இரண்டு தொகுதி முழு மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நடை பழையது, கொஞ்சம் பொறுமை வேண்டும். ராபர்ட் ஹியூஸின் 2006 மொழிபெயர்ப்பு கிழக்குப் படையெடுப்பை மட்டும் எடுத்துக்கொண்டது, படிக்க எளிது, ஹில்கார்த்தின் முன்னுரையோடு வருகிறது. கூலிப்படைக் கதைக்காக மட்டும் என்றால் ஹியூஸ் போதும். ஆனால் குறுக்குவில், துடுப்பு, காலியானோ, குழந்தைப் பயணம் எல்லாம் அந்த எல்லைக்கு வெளியே இருப்பதால் குட்இனஃபையும் இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. வரைபடத்தில் தேடும்போது இன்றைய பெயர்கள்: கலிப்போலி என்பது கெலிபோலு, அர்தாக்கி எர்தெக், ரொடோஸ்டோ தெகிர்தாக், அட்ரியானோபிள் எதிர்னே, ஃபிலடெல்ஃபியா அலாஷெஹிர். “சேசா, தின்” என்று துருக்கியக் கூட்டங்களின் பெயராக முண்டானேர் எழுதுவது சாசா, அய்தின் என்ற இரு தலைவர்களின் ஆட்களை. ஒட்டோமான் சுல்தான்களின் புகழ்பெற்ற காலாட்படையான ஜானிஸரிகளைத் தேட வேண்டாம், அவர்கள் இன்னும் உருவாகவே இல்லை.